15 ஹெச்.பி. மினி டிராக்டருக்குப் பட்டறையிலேயே ஒரு லோடர்

நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் கொல்லை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "15 ஹெச்.பி. மினி டிராக்டர் இருக்கிறது, டூ வீல் டிரைவ். மாட்டுக் குப்பையை அள்ளி டிரெய்லரில் போடவும், ஏரி வண்டலைக் கொல்லையில் பரப்பவும் முன்னால் ஒரு ஹைட்ராலிக் லோடர் வேண்டும். உள்ளூர் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியுமா? 63 மி.மீ. சிலிண்டர் பழையது ஒரு ஜோடி கிடைக்கிறது. அது போதுமா, அண்ணா?"

செய்துகொள்ள முடியும், தம்பி. நான் வில்லியனூரில் இருபது வருடத்துக்கு மேலாக ஹைட்ராலிக் வேலைதான் பார்க்கிறேன். சின்ன டிராக்டர்களுக்கு லோடரும் செய்து கொடுத்திருக்கிறேன். சிலிண்டர் விஷயத்துக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 63 மி.மீ. ஜோடியை வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்கு அது மிக மிக அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 63 மி.மீ. துளையின் பரப்பு 31 சதுர செ.மீ. ஒரு பார் அழுத்தம் என்றால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 150 பார் கொடுத்தால் ஒரு சிலிண்டர் 4,600 கிலோவுக்கு மேல் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் 9,300. பக்கெட்டைத் தூக்கும் கைதான் ஆர்ம். அது சுழலும் பின்னிலிருந்து (இரும்பு அச்சிலிருந்து) சிலிண்டர் தள்ளும் கோட்டுக்குச் செங்குத்தாக 20 செ.மீ., அதே பின்னிலிருந்து பக்கெட்டின் நடுவுக்கு 170 செ.மீ. என்று வையுங்கள். 9,300-ஐ 20-ஆல் பெருக்கி 170-ஆல் வகுத்தால் பக்கெட்டில் ஏறக்குறைய 1,100 கிலோ வருகிறது. உங்கள் டிராக்டரின் மொத்த எடையே 800 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பக்கெட் ஏதாவது வேரில் மாட்டிக்கொண்டால் சிலிண்டர் திணறி நிற்காது, பின் சக்கரம்தான் தரையை விட்டுக் கிளம்பும். அதற்கு முன்பே எங்காவது ஒன்று உடையலாம்.

எது உடையும் என்பதை நான் நேரில் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அப்போது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரிக் கொல்லை முழுக்கப் படுத்துவிட்டது. பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஜேசிபிக்கு ஊரே காத்துக்கிடந்த நேரம். அந்த அவசரத்தில்தான் நான் முதல் லோடரைச் செய்தேன். பலமாக இருக்க வேண்டும் என்று கனமான சிலிண்டர், கனமான சேனல், 175 பார் அழுத்தம். லோடர் சட்டத்தை முன்னால் பம்பர் தாங்கியிலும், எஞ்சின் பக்கவாட்டிலும் மட்டும் போல்ட் போட்டுப் பிடித்திருந்தேன். ஒரு முந்திரி வேர்க்கட்டையின் அடியில் பக்கெட்டைக் கொடுத்து லீவரை இழுத்தபோது கட்டை வரவில்லை. மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வெளியே எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை எஞ்சினுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆயில் ஈரம். துடைத்துவிட்டுப் பார்த்தால் வார்ப்பில் தலைமுடி போல ஒரு விரிசல், போல்ட் துளையிலிருந்து கீழே இறங்கியிருந்தது. வண்டிக்காரருக்கு அந்த ஹவுசிங்கை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். தப்பு என்னுடையது.

லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ் என்று வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்திருப்பதுதான் அதன் முதுகெலும்பு. முன்னால் சுமையைத் தொங்கவிட்டால் அந்த முதுகு நடுவில் மடங்கப் பார்க்கும். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். அதனால் லோடர் சட்டம் வண்டியின் முன் பிராக்கெட்டில் தொடங்கி, இரண்டு பக்கமும் கீழாக ஓடி, பின் ஆக்சில் ஹவுசிங்கில் போய்ப் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும்தான் சுமையை வாங்க வேண்டும், நடுவில் இருக்கும் வார்ப்பு வாங்கக் கூடாது. 75 மி.மீ. சேனல் போதும். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நான் அந்த வண்டியை ஓட்டச் சொல்ல மாட்டேன்.

அடுத்து முன் ஆக்சில். வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு நடுவில் உள்ள தூரம், 1.5 மீட்டர், பக்கெட்டின் நடு முன் ஆக்சிலுக்கு 90 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் 150 கிலோ மண் இருந்தால் முன் ஆக்சிலில் ஏறுவது 150 இல்லை, 240 கிலோ. மீதி 90 கிலோ பின் சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டு முன்னால் வருகிறது. லோடரின் சொந்த எடை 150 கிலோ வரை வரும், அதுவும் பெரும்பாலும் முன்னால்தான். உங்களுடையது டூ வீல் டிரைவ், இழுப்பது பின் சக்கரம். அங்கே எடை குறைந்தால் மழை பெய்த செம்மண்ணில் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். ஸ்டியரிங்கும் கைக்குக் கனக்கும், ஏனென்றால் இந்த அளவு வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் இல்லை.

இதற்கு மருந்து பின்னால் எடை. 60 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரத்தில் ஒரு தகரப் பெட்டி செய்து, நடுவில் கம்பி வைத்துக் கான்கிரீட் கொட்டினால் 150 கிலோ வரும். பின்னால் கலப்பை மாட்டும் த்ரீ பாயிண்டில் மாட்டிக்கொள்ளலாம். பின் ஆக்சிலுக்கு 75 செ.மீ. பின்னால் அது தொங்கினால் பின் சக்கரத்தில் 225 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 75 கிலோ குறையும். இது இருந்தால் லோடர் கருவி, இல்லாவிட்டால் ஆபத்து. சில பேர் ரோட்டவேட்டரையே பின்னால் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதுவும் சரிதான், தரையில் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே இந்த வண்டிக்கு 150 கிலோதான் எல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, பக்கெட், சிலிண்டர், அழுத்தம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்குங்கள்.

பக்கெட் 90 லிட்டர் பிடித்தால் போதும். ஈர மண் லிட்டருக்கு 1.7 கிலோ வரை வரும், அதனால் நிரம்பினால் 150 கிலோ. மக்கிய குப்பை அதில் பாதிகூட வராது. குப்பைக்குக் கூடுதலாக அள்ள ஆசைப்பட்டுப் பெரிய பக்கெட் செய்தால், ஒருநாள் அதே பக்கெட்டில் வண்டலை அள்ளத்தான் செய்வீர்கள். குப்பைக்கு வேண்டுமானால் பல் வைத்த முள் பக்கெட் ஒன்று தனியாகச் செய்து, இணைக்கும் பின்னைக் கழற்றி மாற்றிக்கொள்ளுங்கள். அகலம் முன் டயரின் வெளி விளிம்புக்கு இரண்டு விரல் கூடுதலாக இருக்கட்டும், அப்போதுதான் டயர் வழித்த தரையில் ஓடும். உடம்புக்கு 4 மி.மீ. தகடு, கீழ் உதட்டுக்கு 12 மி.மீ. பட்டை. உதட்டை வெல்டு வைக்காமல் போல்ட் போட்டால் தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பழைய லாரிப் பட்டாவை, அதாவது ஸ்பிரிங் பட்டையை, உதடாக வைப்பவர்கள் உண்டு. அது அதிகக் கார்பன் உள்ள இரும்பு, சூடேற்றாமல் வெல்டு வைத்தால் ஓரத்தில் வெடிக்கும். போல்ட் போடுவதானால் பட்டாவும் நல்லதுதான்.

இப்போது சிலிண்டர். 40 மி.மீ. துளை, 25 மி.மீ. ராடு, 400 மி.மீ. ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்), தள்ளவும் இழுக்கவும் செய்யும் இரட்டைச் செயல் வகை. தூக்குவதற்கு இரண்டு. பரப்பு 12.5 சதுர செ.மீ., 120 பாரில் ஒன்று 1,500 கிலோ, இரண்டும் 3,000. அதே நெம்புகோல் கணக்கில் பக்கெட்டில் 350 கிலோ. ஆர்மும் பக்கெட்டும் சேர்ந்து அதில் 90 கிலோவைத் தின்றுவிடும், மீதி 260. 150 கிலோவைத் தூக்க இது தாராளம். ராடு தடிமனை மட்டும் குறைக்காதீர்கள். 40-க்கு 20 மி.மீ. ராடு போட்டும் விற்கிறார்கள். முழுசாக நீண்டிருக்கும்போது பக்கெட் எதிலாவது முட்டினால் மெல்லிய ராடு வில்லாக வளைந்துவிடும், அதன் பிறகு ஆயிலைத் தடுக்கும் சீல் நிற்காது. பக்கெட்டைக் கவிழ்க்க அதே துளையில் 250 மி.மீ. ஸ்ட்ரோக் ஜோடி ஒன்று.

சிலிண்டரை எங்கே மாட்டுவது என்று என்னிடம் கேட்பதைவிட ஓர் அட்டைப் பெட்டியிடம் கேளுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். பட்டறைத் தரையில் சாக்பீஸால் டிராக்டரின் பக்கவாட்டை ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைகிறேன். டி.வி. வந்த கெட்டி அட்டையில் ஆர்மையும் பக்கெட்டையும் வெட்டி, பின் இருக்கும் இடத்தில் ஆணி. சிலிண்டருக்கு இரண்டு மரப் பட்டை, ஒன்றின் மேல் ஒன்று நழுவும், மூடிய நீளத்துக்கும் நீண்ட நீளத்துக்கும் பென்சில் கோடு. அதைக் கையால் தூக்கிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்: பக்கெட்டை மாட்டும் பின் 180 செ.மீ. உயரத்துக்கு வருகிறதா, டிரெய்லர் பக்கப் பலகைக்கு மேல் கவிழ்க்க முடிகிறதா, தரையில் பக்கெட் 25 டிகிரியாவது பின்னால் சாய்கிறதா, எந்த இடத்தில் சிலிண்டர் ஆர்முக்கு இணையாகப் படுத்து பலமில்லாமல் போகிறது. ஒரு தடவை இப்படிப் பார்த்தபோது பக்கெட் சிலிண்டர் நேராக ரேடியேட்டர் கிரில்லில் முட்டியது. அட்டையில் முட்டினால் கத்தரிக்கோல் வேலைதான்.

ஆர்முக்கு 80×40 மி.மீ., 4 மி.மீ. தடிமன் பாக்ஸ் பைப், நிற்கிற பக்கம் 80. வளைவு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 மி.மீ. தகடு போர்த்தி வெல்டு வையுங்கள். இரண்டு ஆர்மையும் சேர்க்க 75 மி.மீ. உருண்டைக் குழாய். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் கல்லில் தூக்கினால் வரும் முறுக்கை வாங்குவது அந்தக் குழாய்தான். பின்கள் 25 மி.மீ. ஈஎன்8 ரக இரும்பு, ஒவ்வொன்றுக்கும் அது உள்ளே சுழலும் குழாய்த் துண்டான புஷ், கிரீஸ் நிப்பிள். புஷ்ஷை வெல்டு வைக்கும் முன் ஒரே நீள ராடை இரண்டு ஆர்மின் புஷ்ஷுக்குள்ளும் செலுத்தி வைத்து டேக் (புள்ளி வெல்டு) அடிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக வைத்தால் இரண்டு மி.மீ. விலகும், அப்புறம் சுத்தியல் இல்லாமல் பின் உள்ளே போகாது, ஆறு மாதத்தில் புஷ் முட்டை வடிவமாகிவிடும்.

பளு வாங்கும் மூட்டுகளுக்கு 7018 வெல்டிங் ராடு. நம் பக்கம் கடற்காற்று. பிரித்த பாக்கெட் இரண்டு நாள் வெளியே கிடந்தாலே பூச்சு ஈரத்தைக் குடித்துவிடும், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய் உள்விரிசல் வைக்கும். ஓவனில் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பட்டறையில் ஓவன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். பக்கெட் தகட்டுக்குச் சாதாரண 6013 போதும்.

வெல்டு முழுக்க முடிந்த பிறகுதான் சிலிண்டரை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு ஏதாவது விட்டுப்போனால் ராடு மேல் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். குரோம் பூசிய ராடில் வெல்டிங் பொறி ஒன்று ஒட்டினால் கடுகளவு மேடு. நகத்தால் மெல்லத் தடவினால் தட்டுப்படும். உளியால் தட்டினால் போய்விடும், ஆனால் குரோமும் சேர்ந்து உதிர்ந்து குழி நிற்கும். ராடு உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் விளிம்பு சீலைக் கீறும். கடற்கரைப் பக்கம் அதே குழியில் துரு பிடித்து வட்டமாகப் பரவும். வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்தால் தூக்கும் ராடுகள் உள்ளே போய்விடும், உப்புக்காற்றிலிருந்து அதுவே பாதி பாதுகாப்பு. வண்டியில் வைத்து வெல்டு செய்வதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகத் திரும்பும்.

பம்ப்புக்கு வருவோம். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கிலிருந்து லைன் எடுக்கலாம், ஆனால் அது கியர் பாக்ஸ் ஆயிலைப் பயன்படுத்துவது. ஹோஸ் ஒன்று வெடித்தால் கியர் பாக்ஸும் காயும், லோடரில் வரும் இரும்புத் தூளும் அதற்குள் போகும். நான் தனிப் பம்ப், தனி டேங்க் வைப்பதைத்தான் விரும்புகிறேன். 6 சி.சி. கியர் பம்ப் 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 9 லிட்டர் தரும். இரண்டு தூக்கும் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு லிட்டர்தான் தேவை, ஆகவே தரையிலிருந்து முழு உயரத்துக்கு 7 வினாடி. இதைவிட வேகம் வேண்டாம். எஞ்சினிலிருந்து அது எடுப்பது 3 முதல் 4 ஹெச்.பி.

எஞ்சின் முன் புல்லியிலிருந்து வி-பெல்ட்டில் ஓட்டும்போது எல்லோரும் செய்யும் தப்பு, பம்ப் ஷாஃப்டிலேயே புல்லியை மாட்டிவிடுவது. கியர் பம்ப்பின் ஷாஃப்ட் சுற்றுவதற்கு மட்டும்தான், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. புல்லியைத் தனி ஷாஃப்டில், பேரிங் உள்ள இரண்டு பிளம்மர் பிளாக்கில் உட்கார வைத்து, அந்த ஷாஃப்டைப் பம்ப்போடு நடுவில் ரப்பர் உள்ள லவ்ஜாய் கப்ளிங்கில் சேருங்கள். சுற்றும் திசையையும் பாருங்கள். வலச்சுற்று, இடச்சுற்று என்று பம்ப் தனித்தனியாக வரும். தலைகீழாக ஓட்டினால் ஷாஃப்ட் சீல் ஒரே நொடியில் பிதுங்கிவிடும். பம்ப்பைப் பிடிஓவில், அதாவது கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுற்றும் ஷாஃப்டில், மாட்ட நினைத்து, அதில் 540 சுற்று மட்டும் இருந்தால் வேகம் கூட்டும் கியர் பாக்ஸ் இல்லாமல் இந்தப் பம்ப் பயன்படாது.

டேங்க் 20 லிட்டர், பம்ப்பைவிட உயரத்தில். உறிஞ்சும் குழாய் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், நீளம் குறைவாக. திரும்பும் வழியில் 25 மைக்ரான் ஃபில்டர். நம் வெயிலுக்கு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள், கூடாது. லீவரால் ஆயிலைச் சிலிண்டருக்குத் திருப்பும் வால்வு இரண்டு ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) உள்ள ஒரே கட்டி மோனோபிளாக், லீவரைத் தொடாதபோது ஆயில் டேங்குக்கே திரும்பும் ஓப்பன் சென்டர் வகை. தூக்கும் ஸ்பூலில் ஃப்ளோட் நிலை இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள், வண்டல் பரப்பும்போது பக்கெட் தரையின் மேடு பள்ளத்தைத் தானே தொடர்ந்து போகும். ஹோஸ் எல்லாம் ஆர்2, அதாவது இரட்டைக் கம்பி வலை, 3/8 அங்குலம். இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் நூல் பிய்ந்து வால்வுக்குள் போய் ஸ்பூலைப் பிடித்துவிடும். ரப்பர் விளிம்புள்ள டவுட்டி வாஷர் போடுங்கள். தூக்கும் சிலிண்டர் ஒவ்வொன்றின் அடிப்பக்க வாயிலும் ஒரு ஹோஸ் பர்ஸ்ட் வால்வு கட்டாயம். ஹோஸ் வெடித்தால் ஆர்ம் பொத்தென்று விழாமல் அதுதான் நிறுத்தும்.

எல்லாவற்றையும் காப்பது, அழுத்தம் எல்லை தாண்டினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு. மோனோபிளாக்கிலேயே இருக்கும், கடையிலிருந்து வரும்போது உங்களுக்கு வேண்டியதைவிட உயரத்தில் வைத்திருப்பார்கள். பம்ப்பிலிருந்து வரும் லைனில் 250 பார் கிளிசரின் கேஜ் (அழுத்தமானி) ஒன்றை T வடிவ இணைப்புப் போட்டு மாட்டி, திருகை முதலில் தளர்த்திவிட்டு, சிலிண்டரை முட்டும்வரை நீட்டி லீவரைப் பிடித்தபடியே மெதுவாக இறுக்கி 120 பாரில் லாக் நட்டைப் பூட்டுங்கள். பக்கெட் வேரில் மாட்டினால் அப்போது ஆயில் 'கீ' என்று கத்திக்கொண்டு டேங்குக்குத் திரும்பும், உங்கள் கிளட்ச் ஹவுசிங் தப்பிக்கும். கொஞ்சம் பலம் போதவில்லையே என்று யாராவது அந்தத் திருகைத் திருக வந்தால் விடாதீர்கள்.

முதல் நாள் எஞ்சினை ஐடிலில் வைத்து, பக்கெட் காலியாக, ஒவ்வொரு சிலிண்டரையும் பத்து தடவை முழுசாக நீட்டி மடக்குங்கள், காற்று வெளியேறும். ஆயில் பால் போல நுரைத்தால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. கசிவைத் தேடக் கையால் தடவவே கூடாது, அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும். அப்படி நடந்தால் ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறியது என்று சொல்லுங்கள். அப்புறம் மூன்று சிமெண்ட் மூட்டையைப் பக்கெட்டில் வைத்தால் சரியாக 150 கிலோ. ஒரு அடி தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ராடில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். விரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் வால்வோ சீலோ உள்ளே கசிகிறது. ஆர்ம் மேலே நிற்கும்போது அடியில் யாரும் போகக் கூடாது. ரிப்பேர் பார்க்க வேண்டுமானால் ராடு மேல் கவ்வி உட்காரும் மாதிரி ஒரு ஆங்கிள் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். சுமையோடு போகும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், வரப்பில் குறுக்கே ஏறவே வேண்டாம்.

வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்த 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் லோடரின் இரும்புச் சட்டத்தை நிரந்தரமாக வெல்டு வைக்காமல், போல்ட்டும் பின்னும் கழற்றினால் லோடர் மொத்தமாக இறங்கிவிடும்படி செய்யுங்கள், ஹோஸ்களுக்குக் குயிக் கப்ளர். ரோட்டில் ஓட்டுவதானால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்களிடமிருந்து எனக்கு மூன்று அளவு வேண்டும்: வீல்பேஸ், முன் பிராக்கெட்டில் இருக்கும் போல்ட் துளைகளின் இடைவெளி, டிரெய்லர் பக்கப் பலகையின் உயரம். அளந்து எழுதுங்கள், அட்டை மாடலுக்கான படத்தை நான் போட்டுத் தருகிறேன்.